விளக்கு வைத்த பிறகு தண்ணீர்

சினை எலி மற்ற எலியைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். அதன் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். சிறுநீரகத்துக்குள் ஓடும் இரத்தமும், அங்கே வடிகட்டப்படும் வேகமும் கூடும். கழிவு அதிகமாக வெளியேறுவதால் இரத்தத்தில் யூரியா குறைந்து காணப்படும். குட்டி போடும் நாள் நெருங்கும்போது, ஏறியது மெல்ல இறங்கும். இத்தனையும் மூன்று வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடும், ஏனென்றால் எலியின் கர்ப்பகாலமே அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. கல்லூரியில் விலங்கியல் படித்திருந்தேன். அங்கே எங்களுக்கு அறுக்கக் கொடுத்ததெல்லாம் தவளையும் கரப்பானும்தான். ஆனாலும் பொன்னேரியை ஒட்டிய ஆரணி பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட வீட்டிலிருந்து பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதால், எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று வீட்டில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நானும் நிறைய படித்துக்கொண்டிருந்தேன்.

என்னை அந்தக் கம்பெனிக்குள் சேர்த்துவிட்டது அக்காவின் மாமியார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அவர் களை பறித்துக்கொண்டிருந்த கொல்லையில்தான் தொழிற்பேட்டை வந்தது. கொல்லை அவருடையதல்ல, அதனால் அவருக்கு இழப்பீடு என்று எதுவும் இல்லை. காண்டிராக்டர் ஒருவர் அவரைக் கூட்டிப் பெருக்க எடுத்துக்கொண்டார். பிறகு மற்றப் பெண்கள் எலி நாற்றம் தாங்காமல் ஓடிவிட, அத்தை மட்டும் எலி ரூமில் நிலைத்துவிட்டார். சோதனைக்கூடத்துக்கு ஆள் வேண்டும் என்று காதில் விழுந்ததும் மேனேஜரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார்.

"எம் மருமவ தம்பி எலி படிப்பு படிச்சிக்கினு சும்மா கீறான். கூட்டியாரட்டுமா?"

எலி படிப்பு என்று ஒன்று கிடையாது என்று நான் மேனேஜரிடம் விளக்கவில்லை.

வேலை கிடைத்ததும் அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால், ரயில் பாதையைத் தாண்டினால் அக்காவின் வீடு. அக்கா, மாமா, அத்தை, நான் என்று நான்கு பேர். மாமா இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். என்னை அவர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னா எலி டாக்டரு, இன்னிக்கு எத்தினி பேஷண்டு?" என்பதுதான் அவர் நலம் விசாரிக்கும் விதம்.

சோதனைக்கூடத்துக்குத் தலைவியாக இருந்தவர் மதராஸிலிருந்து தினமும் ரயிலில் வந்து போன ஒரு அம்மாள். நாங்கள் மேடம் என்போம். குறைவாகப் பேசுவார். உடம்பு வீக்கத்தை வடியவைக்கும் மாத்திரை ஒன்றைக் கம்பெனி கொண்டுவர இருந்தது. கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கலாமா என்று தெரிய வேண்டும். அதற்கு முன்னால், மாத்திரை எதுவும் இல்லாமல் கர்ப்பம் மட்டுமே சிறுநீரகத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று எங்கள் எலிகளிலேயே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை அப்படி அளப்பதுதான்.

பெண் எலியை ஆண் எலியோடு விட்டு, மறுநாள் காலை அதன் கசிவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வோம். சேர்ந்த எலியின் கூண்டில் சிவப்பு அட்டை, சேராத எலியின் கூண்டில் வெள்ளை அட்டை. இரண்டு வகையையும் சிறுநீர் பிடிக்கிற கூண்டில் போடுவோம். அந்தக் கூண்டுக்கு அடியில் புனல் இருக்கும். புழுக்கை ஒரு பக்கம் உருண்டுபோகும், சிறுநீர் வழிந்து கண்ணாடிக் குப்பியில் சேரும். மேலே தலைகீழாகத் தொங்கும் தண்ணீர் பாட்டிலின் வளைந்த குழாயை எலி நக்கிக் குடிக்கும். காலையில் குப்பியை எடுத்து அளப்பேன். பாட்டிலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பேன். நடுநடுவே வால் நுனியிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து யூரியா பார்ப்போம்.

கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, பாட்டில் நிரப்புவது அத்தையின் வேலை. அத்தைக்கு எழுத்து தெரியாது. நிறம் போதுமானதாக இருந்தது. வெள்ளை அட்டைக் கூண்டுகளைக் கழுவும்போது பேச மாட்டார். சிவப்பு அட்டைக் கூண்டுகளிடம் பேசுவார்.

"இன்னாடி, நேத்து வெச்சத துன்னவே இல்ல? மசக்கையா?"

ஒருநாள் மேடம் கதவருகே நின்று இதைக் கேட்டுவிட்டார். "எலிகள் பயப்படாம இருக்கு, நல்லதுதான்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அந்த வருஷக் கோடையில் அக்காவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்திருந்தது. இது இரண்டாவது கர்ப்பம். முதல் கர்ப்பத்துக்கு வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம் கால் வீங்கியது, பிறகு முகமும் கையும். ஒரு காலையில் கை கால் இழுத்து ஜன்னி வந்து விழுந்தாள். மாட்டு வண்டியில் போட்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா பிழைத்தாள். குழந்தை, ஆண் குழந்தை, வயிற்றிலேயே இறந்திருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அத்தையாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

"ஒங்கம்மா ஊட்ல தண்ணிய ஊத்தி ஊத்தி பொண்ணு ஒடம்ப ஊத வெச்சிட்டாங்கோ. உள்ள கீற கொயந்த முயுகிப் பூட்ச்சி."

அம்மா மறுத்துப் பேசவில்லை. வெயிலில் வந்த பெண் கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தது உண்மைதான். வீங்கிய காலை அழுத்தினால் குழி விழுகிறது, குழிக்குள் இருப்பது தண்ணீர் என்று யாருக்கும் தெரியும். குடித்த தண்ணீரைத் தவிர அது வேறெங்கிருந்து வந்திருக்கும்? எங்கள் பக்கத்தில் இந்த நினைப்பு அத்தைக்கு மட்டும் இருந்ததில்லை. பகலில் குடிக்கும் தண்ணீர் வேலை செய்தால் வேர்வையாகப் போய்விடும், விளக்கு வைத்த பிறகு குடிப்பது உடம்பிலேயே தங்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அக்காவே பாதி நம்பினாள்.

அதனால் இரண்டாவது பேறுகாலத்துக்கு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. அத்தை தன் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டார். நல்ல சாப்பாடுதான். முருங்கைக் கீரை, முட்டை, பழவேற்காட்டிலிருந்து கூடையில் வரும் மடவை மீன் என்று எதிலும் குறை வைக்கவில்லை. மருமகளைக் குனிந்து ஒரு குடம் தூக்கவிடவில்லை. விளக்கு வைத்த பிறகு தண்ணீர் மட்டும் கிடையாது.

"அத்தே, ஒரே ஒரு வாய்."

"வாய கொப்புளிச்சி துப்பு. தாகம் அடங்கிடும்."

அக்கா வாசலில் உட்கார்ந்து கொப்புளிப்பாள். அவள் துப்பும்வரை அத்தை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். விழுங்கினால் தொண்டை அசையும் அல்லவா.

"எம்மா, ரேசன் கடையில தண்ணிக்கும் கார்டு குட்றாங்களா?" என்று மாமா கேட்பார்.

"நீ சும்மா கெட. ஒரு புள்ளய குழியில வெச்சது பத்தாதா ஒனக்கு?"

அதற்கு மேல் மாமா பேச மாட்டார். நானும் பேசியதில்லை. பெண்டாட்டியின் தம்பியாக ஒரு வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவன், அந்த வீட்டு மருமகளின் கர்ப்பத்தைப் பற்றி மாமியாரிடம் பேசுவது எங்கள் பக்கத்தில் அழகல்ல. தவிர, அப்போது எனக்கும் உறுதியாக ஒன்றும் தெரியாது.

சோதனைக்கூடத்தில் கணக்கு சரியாக வரவில்லை. புத்தகங்கள் சொன்னபடி சிவப்பு அட்டை எலிகளின் யூரியா இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வெள்ளை அட்டை எலிகளுக்கு என்னவோ அதேதான் இவற்றுக்கும். வடிகட்டும் வேகமும் ஏறவில்லை. கர்ப்பம் என்று ஒன்று நடப்பதே சிறுநீரகத்துக்குத் தெரியாதது போல இருந்தது. அதைவிட விநோதம், சிவப்பு அட்டை பாட்டில்களில் தண்ணீர் குறைவாகவே இறங்கியிருந்தது. வெள்ளை அட்டை எலிகளைவிடவும் குறைவு.

"குழாய் அடைச்சிருக்கா பாருங்க" என்றார் மேடம்.

எல்லாக் குழாயையும் ஊதிப் பார்த்தேன். அடைப்பு இல்லை.

"இரத்தம் எடுக்கிறதுல தப்பு பண்றீங்களா?"

அதையும் அவர் முன்னாலேயே எடுத்துக் காட்டினேன். தப்பு இல்லை. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நம்முடைய எலிகள் வேறு ஜாதியோ என்னவோ, இந்த வெயிலுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று யோசிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு யோசனை அறிக்கையில் ஏறிவிட்டால், அதை அடிப்படையாக வைத்துத்தான் மாத்திரைக் கணக்கு எழுதப்படும்.

ஒரு சாயங்காலம் தூக்குச் சட்டியை மறந்து வைத்துவிட்டுக் கேட் வரை போய்விட்டேன். அத்தை அதற்குள் வேலை முடித்துப் போயிருந்தார். திரும்ப வந்து எலி ரூம் வழியாக நடந்தபோது, தொட்டி ஓரத்தில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய நிரம்பியிருந்தன. தூசி விழாமல் ஒவ்வொன்றின் மேலும் ஈரத்துணி மூடியிருந்தது. கூண்டுகளைப் பார்த்தேன். வெள்ளை அட்டைக் கூண்டுகளில் பாட்டில் தொங்கியது. சிவப்பு அட்டைக் கூண்டுகளில் இல்லை. ஒரு எலி பின்னங்காலில் எழுந்து நின்று, குழாய் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது.

எலிக்கு இரவுதான் பகல். அது உண்பது, குடிப்பது, நடமாடுவது எல்லாம் விளக்கு வைத்த பிறகுதான். காலையில் அத்தை எனக்கு முன்பே வந்து பாட்டிலை மாட்டிவிடுவார். தாகத்தோடு இருக்கும் எலி தூக்கத்தை விட்டுக் கொஞ்சம் குடித்துவைக்கும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் தினமும் அளந்துகொண்டிருந்தேன்.

அங்கே நின்றபோது எனக்கு எலியைப் பற்றிய யோசனை வெகுநேரம் ஓடவில்லை. கம்பியை நக்கும் எலியைப் பார்த்ததும், வாசலில் உட்கார்ந்து கொப்புளித்துத் துப்பும் அக்காதான் நினைவுக்கு வந்தாள். காலையில் அவள் உதடு வெடித்திருப்பதும், சிறுநீர் கடுக்கிறது என்று அம்மா வந்திருந்தபோது ரகசியமாகச் சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சினை எலியின் சிறுநீரகம் ஏன் வேகம் கூட்டுகிறது என்று படித்திருந்தேன். தாயின் கழிவோடு குட்டிகளின் கழிவும் அதே இரத்தத்தில்தான் வந்து சேர்கிறது. அந்த வேலைக்கு நீர் வேண்டும். பாட்டில்களை எடுத்து மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மேடம் ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் சொன்னேன்.

"யார் எடுத்தது?"

"எங்க அக்காவோட மாமியார், மேடம்."

"நம்ம எலி ரூம் அம்மாவா?"

"ஆமா மேடம்."

"எதுக்காக?"

"மாசமா இருக்கிறவங்க ராத்திரி தண்ணி குடிச்சா உடம்பு வீங்கும்னு."

மேடம் என்னையே பார்த்தார். "அது எலின்னு அவங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும் மேடம். ஆனா மாசமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். பிறகு, "வளைகாப்புன்னு லீவு கேட்டீங்களே, அந்த அக்காவுக்கா இவங்க மாமியார்?" என்றார்.

"ஆமா மேடம். வீட்லயும் இதேதான்." முதல் கர்ப்பத்தில் நடந்ததையும் சொன்னேன்.

"நான் எலியைப் பத்திதான் சொல்ல முடியும். ஜன்னி வந்திருக்குன்னா பிரஷர்தான் முதல்ல பாக்கணும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி விஷயத்தையும் அங்கேயே கேளுங்க. நீங்களா எதையும் முடிவு பண்ணிடாதீங்க."

"அத்தையோட வேலை…"

"புது ஆள் வந்தா எலிகள் மிரளும். சாயங்காலம் பாட்டிலை நீங்களே மாட்டிட்டுப் போங்க. இந்தக் கணக்கு மொத்தமும் வீண். எலிகளைக் கொல்ல வேண்டாம், குட்டி போடட்டும், வளர்ப்புக்கு ஆகும்."

அன்றிலிருந்து தினமும் அத்தை போன பிறகு நான் பாட்டில் மாட்டினேன். காலையில் அவர் வந்து பார்க்கும்போது பாட்டில்கள் கூண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். யாருக்கோ தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூண்டுகளோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "அத்தே, மாசமா இருக்கிற எலிக்குத் தண்ணி நிறைய வேணுமாம்."

"அது எலி. இது மனுசி" என்றார் அத்தை. என் தட்டில் இன்னொரு மீன் துண்டு விழுந்தது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மாமாவிடம் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அக்காவைப் பொன்னேரிக்கு அழைத்துப்போனார். அத்தையும் நானும் கூடப் போனோம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா இளவயசுக்காரர். பிரஷர் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், சிறுநீரைக் குழாயில் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார். இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, வாரா வாரம் வந்து பிரஷர் பார்க்க வேண்டும், ஊறுகாய் கருவாடு குறைக்க வேண்டும், தண்ணீர் தாகத்துக்குக் குடிக்கலாம், ராத்திரி பகல் என்று கிடையாது என்றார். உதடு ஏன் இப்படி வெடித்திருக்கிறது என்றும் கேட்டார். அக்கா அத்தையைப் பார்த்தாள். அத்தை சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அத்தை சொன்னார், "அந்தப் பொண்ணு கயுத்துல தாலி இல்ல, பாத்தியா? பெக்காதவ இன்னாத்த கண்டா. வாரா வாரம் வரச் சொல்லிச்சே, அது வேணா வரலாம்."

வாராவாரம் போனோம். ஊறுகாய் ஜாடி பரண் மேல் ஏறியது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. மாமா ஒருமுறை சொம்பை எடுத்து அக்காவிடம் நீட்ட, அத்தை குறுக்கே கையை வைத்துத் தடுத்தார். கத்தவில்லை. "நீ குடுத்துடு. ஆனா இந்த வாட்டி ஏதாவுது ஆச்சின்னா நான் தூக்கிகினு போவ மாட்டேன். போன வாட்டி துணியில சுத்தி எங்கையிலதான் குட்தாங்கோ" என்றார். மாமா சொம்பை வைத்துவிட்டார். அக்கா, "எனக்கு தாகம் இல்ல அத்தே" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீரைப் பற்றி ஆண்கள் பேச வழியில்லை.

தாகத்தில் இருந்த சிவப்பு அட்டை எலிகளை உமி பரப்பிய பெரிய கூண்டுகளுக்கு மாற்றியிருந்தோம். ஒவ்வொன்றாகக் குட்டி போட ஆரம்பித்தன. பெரும்பாலும் எப்போதும் போலத்தான் நடந்தது. சில ஈற்றுகளில் குட்டிகள் குறைவு. ஒரு காலையில் நான் உள்ளே நுழைந்தபோது அத்தை ஒரு கூண்டின் முன்னால் கையில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தார். கழுவவும் இல்லை, பெருக்கவும் இல்லை.

"தம்பி, இங்க வா."

தாய் எலி மூலையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. உமியில் அங்கங்கே சிவப்பு. ஒரு குட்டியின் பின்பாதி மட்டும் கிடந்தது.

"பூன வந்துச்சா?"

"பூனை எப்படி வரும் அத்தே, கதவு சாத்தியிருக்கே."

"அப்போ?"

"தாயேதான்."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "பெத்தவளே துன்னுட்டாளா?"

"சில நேரம் தின்னும். தலைச்சன் ஈற்றுன்னா மிரண்டு போய்த் தின்னும். யாராச்சும் கையை விட்டு எடுத்தா தின்னும். தண்ணி பத்தலன்னாலும் தின்னும். எதுனாலன்னு நிச்சயமா சொல்ல முடியாது."

எல்லாக் காரணத்தையும் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவர் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"தண்ணி பத்தலன்னாவா."

"அதுவும் ஒரு காரணம்."

"எத்தினி நாளா ஒனக்குத் தெரியும், நாந்தான் பாட்டில எடுத்தேன்னு?"

"பாட்டில் திரும்ப மாட்ட ஆரம்பிச்ச அன்னியிலேருந்து."

"அந்த அம்மாவுக்கு?"

"அவங்களுக்கும்."

"அப்பால ஏன் என்ன வெச்சிக்கினு கீறாங்கோ?"

"நீங்க இருந்தாத்தான் எலிங்க மிரளாதாம்."

அத்தை கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிரளாதாம்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார், "குட்ச்ச தண்ணி எங்கதான் போவுது? கால்ல எறங்கலன்னா?"

உடம்பைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். கறிக்கடையில் குண்டிக்காய் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, நமக்கும் அதே இரண்டுதான். வயிற்றில் குழந்தை வந்ததும் அதன் அழுக்கையும் தாயின் குண்டிக்காய்தான் கழுவி வெளியே அனுப்ப வேண்டும். அழுக்கு இரட்டிப்பு, கழுவுகிற தண்ணீர் பாதி என்றால் எப்படி? கால் வீக்கம் வேறு கணக்கு. அதை ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்துச் சொல்கிறார்கள். இப்படித்தான் சொன்னேன். பாதி சரி, பாதி எளிமைப்படுத்தியது. மேடம் கேட்டிருந்தால் திருத்தியிருப்பார்.

"ரெண்டு பேரு துணிய ஒருத்தி தொவைக்கற மாரி" என்றார் அத்தை.

"ஆமா."

"தண்ணியில்லாம."

அவர் கூண்டைக் கழுவப் போனார். அன்று தாய் எலியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே கழுவினார். என்ன என்று காதில் விழவில்லை.

அன்று விளக்கு வைத்த பிறகு அத்தை அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்தார். ஒரு பிடி சீரகம் போட்டார். வீடு முழுக்க வாசனை. ஆறவைத்து, சொம்பில் ஊற்றி, தட்டு போட்டு மூடி, அக்கா படுக்கும் பாயின் தலைமாட்டில் வைத்தார்.

அக்கா சொம்பையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? தண்ணி இல்ல அது. சீரகத் தண்ணி."

"குடிக்கலாமா அத்தே?"

"பின்ன, அயகுக்கா வெச்சிகிறேன்?"

அக்கா சொம்பைத் தூக்கி இறக்கவே இல்லை. மாமா திண்டில் சாய்ந்துகொண்டு, "எம்மா, எனக்கும் கொஞ்சம் சீரகத் தண்ணி" என்றார். "நீயா மாசமா கீற?" என்றார் அத்தை. அக்கா சிரித்ததில் புரையேறி இருமினாள். அத்தை அவள் தலையில் தட்டினார். முதுகில் தட்டுவதை எங்கள் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் சீரகத் தண்ணீர் வந்தது. விளக்கு வைத்த பிறகு தண்ணீர் கூடாது என்ற சட்டம் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டபோதும் அத்தை அதைத்தான் சொன்னார். சீரகத் தண்ணீர் தண்ணீரோடு சேர்த்தி இல்லை என்று ஒரு கிளைச்சட்டம் மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. அக்காவின் உதடு ஆறியது. சிறுநீர்க் கடுப்பும் போய்விட்டது என்று அம்மா சொன்னாள். கால் வீக்கம் சாயங்காலத்தில் கொஞ்சம் இருக்கும், விடிந்தால் வடிந்திருக்கும். வாராவாரம் பிரஷர் சரியாக இருந்தது. சரியாக இருந்ததற்குத் தண்ணீர் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். எதுவென்று எனக்குத் தெரியாது. முதல் தடவை ஏன் அப்படி ஆனது என்பதும் இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கியதில்லை.

சோதனைக்கூடத்தில் புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை மேடம் அத்தையையே பாட்டில் மாட்டச் சொன்னார். சிவப்பு அட்டைக் கூண்டுகளில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. யூரியா குறைந்தது. வடிகட்டும் வேகம் ஏறியது, கடைசி நாட்களில் இறங்கியது. புத்தகத்தில் இருப்பது போலவே எல்லாம் நடந்ததால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. அத்தை மட்டும் ஒருநாள் மேடத்தின் அறைக்குள் வந்து, புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டார்.

"அம்மா, அதுங்களுக்கும் சீரகம் போட்டுத் தரட்டா?"

"வேண்டாம்மா" என்றார் மேடம், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து. "தயவுசெஞ்சு வேண்டாம். பச்சத் தண்ணி போதும்."

"பச்சத் தண்ணியா" என்றார் அத்தை, எலிகளுக்காக வருத்தப்பட்டது போல.

அக்காவுக்கு வலி கண்டது ஒரு மத்தியானம். நான் கம்பெனியிலிருந்து நேராகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண்களை உள்ளே விடவில்லை. பிரசவ வார்டின் ஜன்னலுக்கு வெளியே, மாமாவும் நானும் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றோம். மாமா அன்று ஒரு கேலியும் செய்யவில்லை. பீடியைப் பற்றவைப்பார், ஒரு இழுப்பு இழுப்பார், அணைப்பார். அதையே மறுபடி பற்றவைப்பார்.

வெயில் சாயும் நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. எந்தப் படுக்கையிலிருந்து என்று தெரியவில்லை, அதனால் நாங்கள் அசையவில்லை. பிறகு அத்தை ஜன்னல் கம்பிக்கு வந்தார்.

"பொட்டப் புள்ள. சின்னதாத்தான் கீது. கத்துது பாரு, காதே போவுது."

"அவ?" என்றார் மாமா.

"கண்ண தொறந்து பாக்கறா. நல்லாத்தான் கீறா."

மாமா கையிலிருந்த பீடியைப் பற்றவைக்க மறந்து வாயில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். வயிறு சரியும், பச்சை உடம்பு நீர் கோத்துக்கொள்ளும் என்பார்கள். வாய் நனையக் கஷாயம், நாக்கில் தடவ மருந்து, அவ்வளவுதான். பால் கொடுக்கும் எலி எவ்வளவு குடிக்கும் என்று நான் அளந்திருந்தேன். சினை எலியைவிட அதுதான் அதிகம். இதை அத்தையிடம் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் வாய்த்திருக்கவில்லை. இப்போது ஜன்னலுக்கு வெளியே, அவருடைய மகன் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லவும் முடியாது.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனாலும் கேட்டது.

"அத்தே, தண்ணி."

பக்கத்துப் படுக்கைக்கு வந்திருந்த யாரோ ஒரு கிழவி, "பச்ச ஒடம்புக்காரி, தண்ணி கேக்குது பாரு" என்றாள். வேறு யாரோ, "வாய கொப்புளிக்கச் சொல்லு" என்றார்கள். அத்தை ஜன்னலிலிருந்து திரும்பி உள்ளே நடந்தார். பையைத் துழாவும் சத்தம், பிறகு சொம்பின் மூடியைத் திறக்கும் சத்தம்.

"மெதுவா குடி" என்றது அத்தையின் குரல். "சீரகம் போட்டு எடுத்தாந்துகிறேன்."